கரைக்கு வராத செய்தி

திருவள்ளூர் மாவட்ட வரைபடத்தில் பெண்கள் உழைக்கும் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. மேற்கே, சென்னை – அரக்கோணம் ரயில் தடத்தில் கடம்பத்தூர். அங்கே விடிகாலை மின்சார ரயிலைப் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கல் அறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வடகிழக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் தாண்டினால் பழவேற்காடு ஏரியும் கடலும் வந்துவிடும். அங்கே கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும், வாயில் பறியைக் கடித்துக்கொண்டு உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் நிற்கும் நிலத்தைப் பற்றி அரசு ஆவணம் ஒன்று பேசுகிறது. 2002-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நிலநடுக்க மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதிக்கு மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் நிலம் நடுங்கியது. சென்னை வரை அதை மக்கள் உணர்ந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்த ஒரு நடுக்கம் கடல் வழியாகப் பழவேற்காட்டுக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

நிலநடுக்கத்தையும் எரிமலையையும் முன்கூட்டி அறியும் முயற்சியின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எந்த ஆண்டு எந்தக் கருவி வந்தது, எந்த அறிஞர் எதைக் கண்டுபிடித்தார் என்று அது போகும். அதே வரலாற்றை வேறொரு கேள்வியோடும் படிக்கலாம். அறிந்தது யாருக்குச் சொல்லப்பட்டது? கடைசியில் அது யார் காதில் விழுந்தது?

நாகப்பட்டினத்தில் ஒரு கருவி

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் தீவுக்கு அருகே கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. இன்றைய மதிப்பீட்டில் அதன் அளவு 7.9. வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த துறைமுகங்களில் அப்போது பிரிட்டிஷ் இந்திய அரசு ஓத அளவிகளை வைத்திருந்தது. கடல் மட்டம் ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக வரையும் கருவிகள் அவை. அந்த நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையை எட்டு இடங்களில் கருவிகள் பதிந்தன. அதில் ஒன்று நாகப்பட்டினம்.

இரண்டு ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. 1883 ஆகஸ்ட் 27 அன்று, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருந்த கிரகதோவா எரிமலை வெடித்துச் சிதறியது. சுந்தா நீரிணையின் இரு கரைகளிலும் 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அலை தேய்ந்து மெலிந்து இங்கே வந்தபோது, அதையும் நாகப்பட்டினத்துக் கருவி எழுதி வைத்தது.

ஆக, நிலநடுக்கத்தாலும் எரிமலையாலும் கிழக்கிலிருந்து நம் கரைக்கு அலை வரும் என்பதற்கான சான்று 19-ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது. அந்தத் தாள்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அலை சிறியதாக இருந்ததால் கரையில் யாருக்கும் அது நினைவாகத் தங்கவில்லை. 2003-ல் மொதெஸ்தோ ஓர்டிஸ், ரோஜர் பில்ஹம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய கோடுகளை மறுபடி எடுத்துப் படித்து, 1881 நடுக்கம் எங்கே, எவ்வளவு தூரம் நிலத்தைப் பிளந்தது என்று கணக்கிட்டு ஆய்விதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே பிளவுக்கோட்டில், பல மடங்கு பெரிய நடுக்கம் வந்தது.

இரண்டரை மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29-க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித்தளம் பிளந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 15 நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பை வெளியிட்டது. நடுக்கத்தின் அளவை 8.0 என்று குறைவாகவே அது கணித்திருந்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது. அந்த மையத்தின் பொறுப்பு பசிபிக்தான். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை.

ஆழ்கடலில் ஆழிப்பேரலை ஜெட் விமானத்தின் வேகத்தில் நகரும். ஆனாலும் தமிழ்நாட்டுக் கரையை எட்ட அதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் கார் நிக்கோபாரில் இந்திய விமானப்படைத் தளம் மூழ்கியிருந்தது. அந்தச் செய்தி படைத் தலைமைக்கும் வந்திருந்தது. நம் நாட்டு நிலநடுக்கமானிகளும் நடுக்கத்தைப் பதிந்திருந்தன. இந்திய வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல், ஏழு மாதங்களுக்கு முன்பே பதவியில் இருந்து இறங்கிவிட்ட முன்னாள் அறிவியல் துறை அமைச்சருக்குப் போனது என்று அந்த வாரமே பத்திரிகைகள் எழுதின. தொலைநகல் சரியான மேசைக்கே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அங்கிருந்து நாகப்பட்டினத்துக் கீச்சாங்குப்பத்துக்கோ, பழவேற்காட்டுக் குப்பங்களுக்கோ செய்தி இறங்கி வர வழி எதுவும் அமைக்கப்பட்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல்.

யார் இறந்தார்கள்

மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச்சில், ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை இறந்தவர்களின் தொகையே பேசப்பட்டது. அந்தத் தொகையைப் பெண், ஆண் என்று பிரித்துப் பார்த்தது இந்த அறிக்கை. கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த மாவட்டத்தின் தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர்கள் பெண்கள் மட்டுமே. நாகப்பட்டினத்தில் அன்று கிடைத்த அரசுக் கணக்குப்படி பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேவிலும் பல ஊர்களில் இதே நிலைதான்.

இயற்கைக்கு ஆண், பெண் என்று தெரியாது. வேலைப் பிரிவினைக்குத் தெரியும். காலை ஒன்பது மணி என்பது படகுகள் கரை திரும்பும் நேரம். ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அடியில் அலை ஒரு மெல்லிய ஏற்றமாகக் கடந்து போயிற்று. அந்தப் படகுகளில் இருந்த ஆண்கள் தப்பினார்கள். கரையில் மீனை வாங்கவும், பிரிக்கவும், கூடையில் ஏற்றவும் காத்திருந்தவர்கள் பெண்கள். வீட்டில் இருந்தவர்களும் பெண்கள்தான். அலை வந்தபோது பிள்ளைகளையும் முதியவர்களையும் தேடித் திரும்பி ஓடியவர்கள் அவர்கள். நீச்சலும் மரமேறுவதும் பையன்களுக்கு விளையாட்டாகவே வந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு அவை விலக்கு. தண்ணீரில் நனைந்த புடவையோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பில், அலை வந்த அந்த நேரம் பெண்கள் கடலில் குளிக்கும் நேரம்.

இந்த எண்களை முன்னறிவிப்பு என்ற பொருளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எச்சரிக்கை வந்து பதினைந்து நிமிடம் கிடைத்திருந்தால், அந்தப் பதினைந்து நிமிடம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்திருக்காது. தனியாக ஓடுபவருக்கு அது போதும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவருக்கு அது போதாது. எச்சரிக்கை எவ்வளவு முன்னால் வர வேண்டும் என்ற கணக்கைப் பெண்ணின் கையில் இருக்கும் சுமையை வைத்துப் போட வேண்டும்.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

இங்கே மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, இன்ன நாளில் இன்ன இடத்தில் இவ்வளவு பெரிய நடுக்கம் வரும் என்று நாள் குறித்துச் சொல்வது. நிலநடுக்க விஷயத்தில் இது இன்றுவரை யாராலும் முடியவில்லை. இரண்டு, இந்தப் பகுதியில் இத்தனை ஆண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய நடுக்கம் வர இவ்வளவு வாய்ப்பு என்று கணிப்பது. கட்டட விதிகளும் மண்டல வரைபடமும் இதை நம்பித்தான் இருக்கின்றன. மூன்று, நடுக்கம் நடந்து முடிந்த பிறகு, அதனால் அலை வருமா என்று கணக்கிட்டு, அலைக்கு முன்னால் செய்தியைக் கொண்டுபோவது. 2004-ல் நமக்கு இல்லாமல் போனது இந்த மூன்றாவது.

நாள் குறிக்கும் ஆசை பழையது. 1975 பிப்ரவரி 4 அன்று சீனாவின் ஹைசெங்கில் நடுக்கத்துக்கு முன்பே மக்களை வெளியேற்றினார்கள். வரிசையாக வந்த சிறு அதிர்வுகள் அங்கே உதவின. உலகமே வியந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28-ல் டாங்ஷான் நகரம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இடிந்து, அரசுக் கணக்கிலேயே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் கரையிலும் இந்த ஆசை ஒரு நாள் விபரீதமானது. ஆழிப்பேரலைக்கு நான்கு நாள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவில் இருந்த ஒரு தனியார் நிறுவனம் புதிய நடுக்கம் வரும் என்று சொன்னதை நம்பி உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. நாகப்பட்டினம் உள்ளிட்ட கரையோரங்களில் மக்கள் மறுபடி ஓடினார்கள். நிவாரணப் பணி நின்றது. அறிவியல் ஆதாரம் இல்லாதது என்று பிறகு அரசே அதை ஒதுக்கியது. உண்மையான ஆபத்துக்கு வராத செய்தி, பொய்யான ஆபத்துக்கு வேகமாக வந்தது. அப்போது முகாம்களில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், முதல் ஓட்டத்தில் ஒரு பிள்ளையையாவது இழந்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். பொய் எச்சரிக்கையின் விலையையும் யாரோ தம் உடம்பால்தான் கொடுக்கிறார்கள்.

எரிமலை கொஞ்சம் இரக்கம் உள்ளது. வெடிப்பதற்கு முன் சிறு அதிர்வுகளைத் தரும், வாயு கக்கும், மேடு உப்பும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் கிடைக்கும். அப்படியும் 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாடோ தெல் ரூயிஸ் வெடித்தபோது, உருகிய பனியோடு வந்த சேற்று வெள்ளம் அர்மேரோ என்ற ஊரையே புதைத்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த ஊர் ஆபத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராகி இருந்தது. எரிமலைக்கும் ஊருக்கும் இடையில் சேறு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. வீட்டுக்குள் இருங்கள் என்றே அன்று மாலை அந்த ஊருக்குச் சொல்லப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து பிலிப்பைன்ஸில் வேறு கதை நடந்தது. பினடூபோ மலைச் சரிவில் வாழ்ந்தவர்கள் ஏட்டா பழங்குடிகள். அவர்களோடு வேலை செய்த எம்மா என்ற கன்னியாஸ்திரி, மலையிலிருந்து ஆவி வெடித்துக் கிளம்புகிறது என்ற செய்தியை 1991 ஏப்ரல் தொடக்கத்தில் அந்நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். மலைவாழ் மக்கள் சொன்னது, ஒரு பெண் கொண்டுவந்தது என்று அதை யாரும் தள்ளிவைக்கவில்லை. கருவிகளோடு ஆய்வாளர்கள் மலைக்குப் போனார்கள். ஜூன் 15 அன்று அது வெடித்தபோது, 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பாக இருந்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது மதிப்பீடு.

பின்னறையில் இருந்தவர்கள்

செய்தி இறங்கி வரும் வழியில் பெண்கள் இல்லை என்றால், அறிவு உருவான இடத்தில் இருந்தார்களா? இருந்தார்கள், பின்னறையில்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லமான்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப் கடலடி வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் ஏற அனுமதி இல்லை. ஆண்கள் கடலில் இருந்து கொண்டுவந்த ஆழ அளவுகளை மேசையில் வைத்துக் கோடாக்குவது அவர் வேலை. 1952-ல், அட்லாண்டிக் நடுவே ஓடும் மலைத்தொடரின் முதுகில் நீளமாக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை அவர் கண்டார். கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பக்கத்து மேசையில் நிலநடுக்க மையங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த வரைபடத்தைத் தார்பின் வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தபோது, நடுக்கங்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக நின்றன. புவித்தட்டுகள் நகர்கின்றன என்ற கொள்கைக்கு வழிவிட்ட சான்றுகளில் அது முக்கியமானது. அட்லாண்டிக் நடுவே தட்டுகள் விலகுகின்றன. சுமத்ராவில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிறது. எங்கே நடுங்கும் என்று இன்று நாம் சொல்ல முடிவது இந்தப் புரிதலால். அந்தக் காலத்து முக்கியக் கட்டுரைகள் பலவற்றில் தார்பின் பெயர் இல்லை.

டென்மார்க்கில் இங்கே லெமன் இன்னொருவர். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் சொல்லித்தந்த ஹன்னா ஆட்லரின் பள்ளியில் படித்தவர். நிலநடுக்க நிலையங்கள் அனுப்பும் பதிவுகளை அட்டைகளில் குறித்து, ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்துப் படித்தார். 1929-ல் நியூசிலாந்தில் நடந்த நடுக்கத்தின் அலைகள், வரக்கூடாத இடங்களில் வந்திருந்ததைக் கவனித்தார். பூமியின் மையத்தில் தனியாக ஓர் உள்கரு இருக்கிறது என்று 1936-ல் அதை வைத்துச் சொன்னார். 104 வயது வரை வாழ்ந்தார்.

நம் பக்கத்தில் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் செய்த ஆய்வுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணம் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவும் தரப்படுத்தவும் வழி செய்தார். நிலநடுக்கமானிகளையும் பல பத்தாண்டுகள் அதே துறைதான் பராமரித்தது. எச்சரிக்கை என்ற சங்கிலியின் முதல் கண்ணி நம்பகமான அளவீடு. அதைச் செய்துகொடுத்தவர்களில் ஒரு பெண் இருந்தார்.

சாபமும் பாடமும்

தமிழுக்குக் கடல்கோள் என்ற சொல் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரம் கடலுக்குள் போகிறது. காணாமல் போன மகனைத் தேடிய சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான் என்பதும், கடல் தெய்வமான மணிமேகலாவின் சாபம் என்பதும் அங்கே சொல்லப்படும் காரணம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிலநடுக்க ஆய்வாளராகப் பணியாற்றிய குசலா ராஜேந்திரன், சி.பி. ராஜேந்திரன் ஆகியோரின் குழு, காவிரிப்பூம்பட்டினத்து மண்ணைத் தோண்டி ஆராய்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்தில், ஆழிப்பேரலை ஒன்று கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்கு அங்கே இருப்பதாக 2011-ல் அவர்கள் எழுதினார்கள். அது காப்பியம் சொல்லும் அழிவு என்று ஆகிவிடாது. காப்பியத்தின் காலம் வேறு. ஆனால் இந்தக் கரைக்கு அலை புதிதல்ல என்று மண்ணும் சொல்கிறது.

நம்மிடம் சொல் இருந்தது. கதை இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் கதையில் இல்லை. யார் தவறு, யார் சாபம் என்பதையே அது நினைவில் வைத்தது. 2004-ல் முதல் அலைக்குப் பின் கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் பலர்.

அதே நாள், நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூ தீவில் நடந்தது வேறு. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஏழு பேர்தான் இறந்தார்கள். அவர்களிடம் ஹவாயின் அறிவிப்பு இல்லை, சைரன் இல்லை. ஸ்மோங் என்ற ஒரு சொல் இருந்தது. 1907-ல் அந்தத் தீவைப் பேரலை அழித்த பிறகு, தப்பியவர்கள் அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகப் பாடினார்கள். நிலம் பலமாக ஆடினால், பிறகு கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அது பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போயிற்று. ஒருவர் "ஸ்மோங்" என்று கத்தியதும் ஊரே மலையேறியது. ஓர் எச்சரிக்கை அமைப்பு நூறு ஆண்டுகள் பழுதாகாமல் வேலை செய்திருக்கிறது. அதைப் பராமரித்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, அறிவியல் வரலாற்றில் பெயரும் இல்லை.

நம் கரையிலும் ஒரு சின்ன உதாரணம் உண்டு. புதுச்சேரி மீனவ ஊர்களில் 1990-களின் பிற்பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. பல மையங்களில் உள்ளூர்ப் பெண்கள் பொறுப்பில் இருந்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய செய்தியை இணையத்தில் எடுத்து நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் செய்தி பார்த்து ஊருக்குத் தொலைபேசினார். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். நல்லவாட்டில் உயிர்கள் தப்பின. தினமும் அலைச் செய்தி சொன்ன குரல் குழாய் என்பதால் மக்கள் அதை நம்பி ஓடினார்கள். நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை.

இன்றைய கணக்கு

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், அவற்றின் செய்தியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் மிதவைகள், ஓத அளவிகள் எல்லாம் அங்கே இணைகின்றன. மிதவைகளுக்குப் பின்னால் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் உழைப்பு இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது சில நிமிடங்களில் அறிவிப்பு வந்தது. சென்னையில் அலுவலகங்களில் இருந்தவர்கள் வெளியே ஓடிவந்தார்கள். கரையோரத்தில் மக்கள் விலகினார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நழுவிய நடுக்கம் அது; கடலடித்தளம் பெரிதாக மேலெழவில்லை; பேரலையும் வரவில்லை. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது. கருவி வேலை செய்கிறது என்பது அன்று உறுதியானது.

மீதி இருப்பது கருவிக்கும் காதுக்கும் இடையில் உள்ள தூரம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறும் சோதனை எச்சரிக்கை அனுப்பப்பட்டது. நல்ல வழிதான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர். மீதிப் பெண்ணுக்கு வர வேண்டிய எச்சரிக்கை, வேலைக்குப் போன கணவரின் சட்டைப்பையில் அலறும். பல தொழிற்சாலைகளில் பணிநேரத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். செங்கல் சூளையில் இருக்கும் ஒடியாப் பெண்ணுக்குத் தமிழில் வரும் செய்தி புரியாது. முட்டளவு நீரில் இறால் தடவும் பெண் கைபேசியை எங்கே வைத்துக்கொள்வாள்? கடலோரத்தில் செய்தி வந்தால் முதலில் மீனவப் பஞ்சாயத்துக்குப் போகும். அந்தப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை.

கடம்பத்தூருக்குக் கடல் அலை வராது. அங்கே கேள்வி கட்டடம். நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க முடியாது என்பதால், அதன் முன்னறிவிப்பு சுவரின் வலிமையில்தான் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 விடிகாலை மகாராஷ்டிரத்தின் லாத்தூரில், ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடம் சொன்ன நிலத்தில், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒரு நாளின் அதிக மணிநேரத்தை வீட்டுக்குள் கழிப்பவர்கள் பெண்கள். சமையலறைச் சுவரும், விடுதிப் படிக்கட்டும், வாடகைக்காக மேலே ஏற்றிய மூன்றாவது மாடியும் அவர்கள் தலைக்கு மேல் இருக்கின்றன. மூன்றாம் மண்டலத்துக்கான கட்டட விதி அங்கே கடைப்பிடிக்கப்பட்டதா என்று கேட்பது பெண்களின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விதான்.

தினமும் வீட்டு வாசல் வரை போகிறவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் குழுவின் பிரதிநிதி. எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். எச்சரிக்கைச் சங்கிலியில் அவர்களைச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஊதியமும் தர வேண்டும். சேவை என்ற பெயரில் இன்னொரு இலவச வேலையாக அது அவர்கள் தோளில் ஏறக்கூடாது.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களானார்கள். ஒரு கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க இரண்டு கேள்விகள் போதும். ஆபத்து நேரத்தில் யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் நம் ஊராட்சியில் இருக்கிறதா? அதில் எத்தனை பெண்களின் பெயரும் எண்ணும் இருக்கின்றன?